பள்ளத்தில் பிந்திப் பூத்த புல்

“யாருங்க கரண்ட்டை நிறுத்தினது?”

கம்பத்தின் மேலிருந்த லைன்மேன் குனிந்து பார்த்தான். கீழே, கைநிறையக் காகிதப் பைகளோடு ஒருத்தி... அவள் கண்களில் கோபமும் கண்ணீரும் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன.

“நான்தாங்க. ரெண்டு நாள் வேலை.”

“நான் ஊர்ல இல்லாத ரெண்டு நாளும் புல் உலர்த்துற ஓவன் ஓடல. உள்ள இருந்த புல்லெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு.”

“புல்லுதானே... மறுபடி அறுத்துக்கலாமே?”

அந்த ‘தானே’ அவளைக் கொதிக்க வைத்தது. இயற்கைப் புல்வெளியில் எத்தனை வகை, எது எப்போது தழைக்கிறது, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடை... பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்து, வகை பிரித்து, உலர்த்தி நிறுப்பது அவளுடைய மூன்றாண்டு ஆராய்ச்சி. இது பருவத்தின் உச்சம் வேறு. போன வாரத்துப் புல்லை இந்த வாரம் எங்கே போய் அறுப்பது?

அறிவிப்பே தரவில்லை என்று மின் அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். அவனுக்கு மாற்றல் என்று நான்காம் நாள் தகவல் வந்தது.

ஐந்தாம் நாள், எடைக் குறிப்பேட்டுக்குள் ஒரு சீட்டு அகப்பட்டது. மின்தடை அறிவிப்பு. பின்பக்கம் அவள் கையெழுத்தில் புற்களின் எடை... என்னவென்று பார்க்காமலே வாங்கிக் குறிப்பெழுதியிருக்கிறாள்.

“பேசாம இரு,” என்றாள் அண்ணி, போனில். “உன் கவனக்குறைவுன்னு தெரிஞ்சா இத்தனை உழைப்புக்கும் கெட்ட பேரு.”

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மறுநாள் நேரே அலுவலகம் போனாள். அதிகாரியிடம் சீட்டைக் காட்டி, தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தாள். லைன்மேன் முற்றத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சுடுங்க. நோட்டீஸ் கொடுத்திருக்கீங்க.”

“கொடுத்தேன். நீங்க தலையைத் தூக்காம ஒரு புல்லையே பாத்துக்கிட்டிருந்தீங்க.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“அழுதுக்கிட்டு நின்னீங்க. அப்பப் போய் வாதாடவா?”

அவனே தொடர்ந்தான். “ஓடைப் பள்ளத்துலயும் உங்க அடையாளக் கொடி நட்டிருக்கில்ல? அங்க குளிர்ச்சி. மேட்டுல காய ஆரம்பிச்சது அங்க இப்பத்தான் பூக்குது.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பள்ளத்தில் இறங்கினார்கள். தொலைந்த எடைகள் திரும்பி வராது. ஆனால் மேட்டில் ஆறு வகை இருந்த அளவு இடத்தில், இங்கே பதினொன்று. முந்தி வந்தவை பழுக்க, பிந்தி வந்தவை இடையில் எழும்பிக்கொண்டிருந்தன.

“ஒண்ணு ஓயறப்ப இன்னொண்ணு வருதே,” என்றான்.

“அதான் இங்க விளைச்சல் விழல. வகை குறைஞ்ச இடம்தான் சீக்கிரமே வெளுத்துடுது.”

மழை பிடித்துக்கொண்டது. அவன் மழைக்கோட்டைக் கழற்றிப் பைகளின் மேல் போர்த்தினான். அவன் இமைகளில் துளிகள் கோத்து நின்றன... அவள் பார்வையை எடுக்கவே இல்லை.

“மாற்றல்?”

“ரத்தாயிடுச்சு.”

“நீங்க இங்கயே இருக்கணும்,” என்றாள். “புல்லுக்காக இல்ல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் மழைக்கோட்டின் ஓரத்தைப் பைகளின் மேல் இழுத்துவிட்டான்.

“நாலு நாளா எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்,” என்றான் மெல்ல. “நீங்க முந்திக்கிட்டீங்க.”