ஆறாவது வாரப் படம்

பொள்ளாச்சியில் அந்தப் படக்கூடத்தின் காலை வேலை பால் கொடுப்பதில்தான் தொடங்கும். தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்து வயிறு நிறையப் பாலூட்டுவார்கள். குழந்தை கண் சொருகியதும் நர்ஸ் அதைத் துணியில் இறுகச் சுற்றிக் காந்தக் கருவிக்குள் நகர்த்துவாள். மயக்க மருந்தெல்லாம் பழைய சங்கதி. பால் மயக்கமே போதும்.

பிறந்த ஆறாவது வாரம் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் படம் கட்டாயம். மூளையின் வெண்பொருளில் நரம்புகளுக்கு உறை ஒழுங்காகப் படிகிறதா என்று உறைமானி என்கிற மென்பொருள் பார்த்துச் சொல்லிவிடும். ரத்தத்தில் பிடிபடாத, இன்னும் பெயர்கூட வைக்கப்படாத அரிய நோய்களும் இதில் சிக்கும். சிக்கினால் அந்த வாரமே சிகிச்சை. விட்டுவிட்டால் இரண்டு வயதுக்குள் பார்வை, பேச்சு, நடை என்று ஒவ்வொன்றாகப் போய்விடும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது. ஆனால் ஊர் வழக்கமும் கூடவே மாறிப்போனது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் யார் ஜாடை என்று கேட்பதில்லை. “படம் வந்துருச்சா?” என்று கேட்கிறார்கள். வரவில்லை என்றால் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

படம் வாசிக்கும் டாக்டர் தமயந்திக்கு இந்த வழக்கத்தின் மேல் தீராத எரிச்சல். ஆனால் அன்றைக்கு அவள் கவலை வேறு. மிருதுளா என்பவளின் பெண் குழந்தைக்கு உறைமானி சிவப்பு காட்டியிருந்தது. உறை படிந்திருக்க வேண்டிய இடங்களில் படியவில்லை. சிகிச்சை என்றால் எலும்பு மஜ்ஜையை அடியோடு அழித்துவிட்டுத் திருத்திய செல்களை ஏற்ற வேண்டும். பத்தில் ஒரு குழந்தை அதைத் தாங்காது.

உறைமானி உறையை மட்டுமே பார்க்கும். தமயந்தி மூளையின் மடிப்புகளையும் பார்த்தாள். அவையும் குறைவாகவே விழுந்திருந்தன. நோயாக இருந்தால் உறை மட்டும்தான் பின்தங்கும், மடிப்புகள் வயதுக்கு ஏற்றபடி இருக்கும். இதுவோ மொத்தத்தில் இன்னும் சின்னக் குழந்தையின் மூளை. அவள் தாயையும் தகப்பனையும் உள்ளே அழைத்து, சிவப்பு வந்ததையும் அதற்கான சிகிச்சையையும் தன் சந்தேகத்தையும் சொன்னாள்.

“பாப்பா நெறமாசத்துலதான் பொறந்துதா?”

“ஆமாங்க,” என்று கணவன் கார்வேந்தன் முந்திக்கொண்டான். “எல்லாம் பதிஞ்சிருக்குதுங்களே.”

“பதிஞ்சது இருக்கட்டும். நான் அம்மாகிட்டக் கேக்கறேன்.”

மிருதுளா மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தபடியே பேசினாள். “நாலு வாரம் முன்னாடியே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டமுங்க. கடகத்துல குரு உச்சம், பெயர்ச்சிக்குள்ள பொறந்தா யோகம்னு சொன்னாங்க.”

“மிருதுளா,” என்று அவன் அதட்டினான். பிறகு தமயந்தியிடம் குரலைத் தாழ்த்தினான். “பிரசவம் பாத்தது எங்க பெரியப்பா மகளுங்க. நாள் பாத்து எடுத்தது தெரிஞ்சா அக்காவுக்கு டாக்டர் வேலையே போயிருமுங்க.”

“போனாப் போகுது. இல்லாத நோய்க்குப் புள்ளையக் குடுக்கச் சொல்றீங்களா?” என்றாள் மிருதுளா.

தமயந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யோகக்காரியாக வர வேண்டும் என்று அவசரப்படுத்திக் கொண்டுவந்த குழந்தை. அந்த அவசரமே அதை மஜ்ஜை அழிக்கும் அறையின் வாசல்வரை இழுத்து வந்திருக்கிறது.

“அப்ப நோய் இல்லைங்களா?” என்று கேட்டான் கார்வேந்தன்.

“என் கண்ணுக்கு இல்லைன்னுதான் படுது. உறுதியாச் சொல்ல நாலு வாரம் கழிச்சு இன்னொரு படம் வேணும். ஒருவேளை நோயா இருந்தா, அந்த நாலு வாரத்துல சிகிச்சைக்கான காலம் கடந்துரலாம். அதையும் நான் மறைக்க மாட்டேன்.”

எதற்கும் அன்றன்றே பதில் கிடைத்துப் பழகியவர்கள் அவர்கள். தெரியாமல் இருப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தமயந்திக்கு அவர்கள்மேல் பரிதாபமாக இருந்தது.

“காத்திருக்கறமுங்க,” என்றாள் மிருதுளா.

கார்வேந்தன் மறுக்கவில்லை. “அதுவரைக்கும் நாங்க என்ன பண்றதுங்க?”

“வளத்துங்க. இந்தப் படமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் அதைத்தான் பண்ணாங்க.”

அவன் மனைவியின் மடியைப் பார்த்தான். “நான் இன்னும் பாப்பாவைத் தூக்குனதே இல்லைங்க. படம் வரட்டும்னு இருந்துட்டேன்.”

மிருதுளா எழுந்து குழந்தையை அவனிடம் நீட்டினாள். கைகளை எவ்வளவு அகலத்தில் வைப்பது என்று தெரியாமல் அவன் தடுமாறினான்.

“தலையத் தாங்கிப் புடிங்க,” என்றாள் அவள்.