மேட்டுக்கு ஏறிய சிவப்பு

பெரிய நர்ஸ் வந்து நின்றபோது நத்தை ஐயா அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். துப்புத் துலக்கும் வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். நடை மெதுவு, பேச்சு அதைவிட மெதுவு என்று ஊர் வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பார்.

"ஐயா, என் ஓரகத்தி என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

"என்ன மண்ணு?"

"கேலி பண்ணாதீங்க. நிஜமாவே மண்ணுதான். செம்மண்ணு. அவ செருப்புல ஒட்டியிருக்கு. நான் தினமும் பாக்கறேன்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். அவள் கையில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தைத் தரையில் விரித்தாள்.

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள், இருவருமே நர்ஸ். பெரியவளுக்கு மேட்டுத்தெருப் பகுதி, சின்னவளுக்கு அதற்குக் கீழே ஆலைக் குவார்ட்டர்ஸ். சுகாதார அலுவலகம் இந்த வருஷம் புதிதாக ஒரு கணக்குப் போட்டிருந்தது. புற்றுநோய் முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு பகுதியிலும் பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று வகுத்து, அதற்கேற்ப நிறம் தீட்டியிருந்தார்கள். மற்ற பகுதிகள் எல்லாம் ஆரஞ்சு. குவார்ட்டர்ஸ் வெளிறிய மஞ்சள். மேட்டுத்தெரு மட்டும் வெட்டுப்பட்ட விரல் மாதிரிச் சிவந்து கிடந்தது.

"முத்தவிட்டுக் கண்டுபிடிச்சா நர்ஸ் தூங்கறான்னு அர்த்தமாம். அதிகாரி சொல்லிட்டார். என்னை மாத்திடுவாங்க, என் பரிசோதனை அறையையும் பூட்டிடுவாங்க. அவளுக்குப் பாராட்டுப் பத்திரம். அதைக் கண்ணாடி போட்டு எங்க மாமியார் கூடத்துல மாட்டியிருக்காங்க. தூசி தட்டறது யாருன்னு நினைக்கறீங்க?"

"நீங்கதான்."

"நான்தான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகை இல்லை, ஆத்திரம். "குவார்ட்டர்ஸ்ல எல்லாம் சிமெண்டுத் தரை. செம்மண்ணு எங்க மேட்டுலதான் இருக்கு. என் ஏரியாவுக்கு வந்து என் ஜனங்களைப் பயமுறுத்தி, என்கிட்ட சோதனைக்கு வராம பண்றா. வீட்டுல அவ பையில கட்டுத்துணி வேற குறையுது. எதுக்குன்னு தெரியல. நல்லதுக்கு இருக்காது."

நத்தை ஐயா வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் இன்னொரு வரைபடம் இருந்தது.

"இது?"

"அது ஆரம்பத்துலேயே கண்டுபிடிச்சவங்க கணக்கு. அதுல ஒண்ணுமில்ல ஐயா, எனக்கும் அவளுக்கும் ஒரே நிறம்."

அவர் அந்த ஒன்றுமில்லாத பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம்தானே எரிகிறது, இந்த மனுஷன் பின்பக்கத்தில் என்ன குளிர் காய்கிறார் என்று அவளுக்குப் பொறுமை போயிற்று.

"உங்க நோயாளி யாரையாவது பாக்கணும்" என்றார் கடைசியில். "நீங்களும் கூட வாங்க. ஆனா ஒண்ணு, வழியில யாரு குற்றவாளின்னு எனக்குச் சொல்லித் தரக்கூடாது."

மேட்டுத்தெரு வீடுகள் பழையவை. வாசல் நிலை ஒவ்வொன்றும் ஆள் கழுத்துயரம்தான். பெரியவள் பேசிக்கொண்டே குனிந்து நுழைந்தாள். பின்னால் வந்த நத்தை ஐயாவின் நெற்றி நிலையில் 'ணங்' என்று மோதியது.

"குனிஞ்சு வாங்கன்னு சொல்ல மறந்துட்டேன். இங்கே பொறந்த குழந்தைகூட இடிச்சுக்காது."

உள்ளே கட்டிலில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள். மார்பில் கட்டி முற்றிப் புண்ணாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பெயரும் முகவரியும் வந்த பிறகுதான் பெரியவளுக்கே அவளைத் தெரியும். நெற்றியில் ஒரு வீக்கம் பழுத்துப்போய் நீலமாக இருந்தது.

"பலவீனத்துல விழுந்துடறாங்க" என்று பெரியவள் விளக்கினாள். "பக்கத்துச் சந்துல ஒரு பெரியவர் இருக்கார், அவருக்கும் இப்படித்தான்."

"இந்த வீட்ல எத்தனை வருஷமா இருக்கீங்கம்மா?" என்று கேட்டார் நத்தை ஐயா.

நோயாளி வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "பொறந்ததுல இருந்தே இங்கதான். என் நாத்தனார் இவ. கல்யாணமாகியும் எங்களோடயே இருந்துட்டா."

"வலி எப்படி இருக்கு?"

"பகல்ல பரவாயில்லை ஐயா" என்றாள் நோயாளி. "ராத்திரி புரண்டு படுத்தா, அப்படியே ஒரு பக்கமா இழுத்து..."

தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. மேட்டில் அது கொசு பாடுவது போலத்தான் கேட்கும். நோயாளி பாதிப் பேச்சில் நின்றாள். வீட்டுக்காரி நிற்காமல், வந்தவர்கள் ஏதாவது குடிக்கிறீர்களா, வெயில் எப்படி என்று பேசிக்கொண்டே இருந்தாள். சங்கு ஓய்ந்தது.

"...இழுத்துப் பிடிக்குது" என்று முடித்தாள் நோயாளி.

"மூச்சு வாங்குது பாவம்" என்று பெரியவள் அவள் நாடியைப் பிடித்தாள். நத்தை ஐயா தன் நெற்றியைத் தடவிக்கொண்டு, வலிக்கிற இடத்திலேயே ஏதோ கிடைத்ததுபோலச் சிரித்தார்.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு இறங்கினார். சின்னவளின் மருந்தகம் ஆலைக் கதவை ஒட்டியே இருந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் காவல்காரர் கூண்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுகள் நெடிது நெடிதாக நின்றன. அலமாரியைத் தலையில் வைத்துக்கொண்டுகூட நுழையலாம். படிக்கட்டில் சின்னவளின் செருப்பு கிடந்தது. விளிம்பில் செம்மண். பெரியவள் அவர் விலாவில் லேசாக இடித்தாள். அவர் நகர்ந்துகொண்டார்.

"வாங்க அக்கா" என்று சின்னவள் எழுந்தாள். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. பாராட்டு வாங்கியவள் முகமாக அது இல்லை.

"என்ன, என் ஏரியா தண்ணி பிடிச்சுப்போச்சோ?" என்றாள் பெரியவள்.

"ஏன்க்கா, வந்ததும் வராததுமா குத்திக்கிட்டே..."

சங்கு ஊதியது. சுவர் அதிர்ந்தது, மேஜைமேல் கண்ணாடிப் புட்டிகள் கிலுகிலுத்தன. சின்னவள் வாய் பாதி திறந்தபடி நின்றாள். மருந்துக்குக் காத்திருந்தவர்கள் நீட்டிய கை நீட்டியபடி, சிரித்தவர் சிரித்தபடி நின்றார்கள். பெரியவள் மட்டும் தொண்டை நரம்பு புடைக்க ஏதோ கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"...பேசறீங்க" என்று சங்கு ஓய்ந்ததும் சின்னவள் முடித்தாள்.

"இந்தப் பழக்கம் எத்தனை நாள்ல வரும்மா?" என்று கேட்டார் நத்தை ஐயா.

"எது ஐயா? ஓ, இதுவா? இங்க வந்த புதுசுல எல்லாரும் கத்துவாங்க. அப்புறம் தானா நின்னுடும். வீட்டுல இருந்தாக்கூட அந்த நேரத்துக்கு வாய் மூடிக்கும்."

"மேட்டுத்தெருப் பக்கம் போறதுண்டா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "இல்ல ஐயா. அது அக்கா ஏரியா. அந்த வீட்டு வாசலையெல்லாம் நான் மிதிச்சதே இல்ல."

"அப்ப நாளைக்கு ஒரு தடவை மிதிச்சுடுங்க" என்றார் அவர்.

அடுத்த நாள் நத்தை ஐயாவும் பெரியவளும் அந்தக் கட்டிலருகே காத்திருந்தார்கள். வீட்டுக்காரி கதவோரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். சின்னவள் தெருமுனையில் தெரிந்தாள். பையில் எதையோ தேடிக்கொண்டே வந்தவள், நிமிராமல், தேடுவதை நிறுத்தாமல், வாசலில் சட்டென்று குனிந்து நுழைந்தாள்.

பெரியவள் துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா? பாத்தீங்களா ஐயா? மிதிச்சதே இல்லையாம். நிலைக்குத் தலையைக் குனியத் தெரியுது, என் மூஞ்சிக்குக் குனியத் தெரியல. திருடி."

"உட்காருங்க நர்சம்மா. உங்க கண்ணு நல்ல கண்ணு. ஆனா ஒருத்தர் மேலயே வச்சுட்டீங்க." அவர் கட்டிலைக் காட்டினார். "முதல்தடவை வர்றேன்னு சொன்னவங்க குனியறாங்க. பொறந்ததுல இருந்து இங்கேயே இருக்கறவங்க நெத்தியில வீக்கம். ரெண்டும் தலைகீழா இருக்கே, அதைப் பாக்கலையா?"

பெரியவள் நோயாளியின் நெற்றியைப் பார்த்தாள். அதே இடம், நத்தை ஐயாவின் நெற்றி நிலையில் இடித்த அதே இடம்.

"அன்னிக்குச் சங்கு ஊதினப்ப இவங்க பேச்சை நிறுத்தினாங்க. நீங்க மூச்சு வாங்குதுன்னு சொன்னீங்க. மேட்டுல கொசு சத்தத்துக்கு யாரும் பேச்சை நிறுத்த மாட்டாங்க. பேசினாலும் கேட்காதுங்கற இடத்துலேயே ஆயுசு பூரா இருந்தவங்கதான் நிறுத்துவாங்க. இவங்க குவார்ட்டர்ஸ்காரங்க."

வீட்டுக்காரி முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இதுக்கும் என் சிவப்புக்கும் என்ன ஐயா சம்பந்தம்?"

"நீங்க ஒண்ணுமில்லேன்னு சொன்ன பின்பக்கம்தான் சம்பந்தம். ஒரு மரத்துல காயிலேயே பறிக்காம விட்டா என்ன ஆகும்? பறிச்ச காய் குறையும், பழுத்து விழறது கூடும். நீங்க தூங்கியிருந்தா ஆரம்பத்துல கண்டுபிடிச்ச கணக்கு உங்களுக்குக் குறைஞ்சிருக்கணும். குறையலை, குவார்ட்டர்ஸ் அளவுக்கே இருக்கு. ஆனா முத்தினது மட்டும் குவிஞ்சிருக்கு. அப்ப அது உங்க மரத்துப் பழம் இல்ல, பக்கத்து மரம் உங்க பக்கம் சாஞ்சிருக்கு. வகுக்கறப்ப மேட்டுல குடியிருக்கறவங்களை மட்டும்தான் எண்ணறாங்க. வந்து படுத்தவங்க மேல் எண்ணுல சேர்றாங்க, கீழ் எண்ணுல சேர்றதில்ல. வீதம் ஏறாம என்ன செய்யும்?"

"ஏன் இங்க வந்து படுக்கணும்?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது. "நான் ஆலையில வேலை பாக்கறவ, அவங்க குடுத்த வீடு என் பேர்ல இருக்கும்மா. ஆஸ்பத்திரியில குவார்ட்டர்ஸ் விலாசம் குடுத்தா அன்னிக்கே ஆலைக்குத் தெரிஞ்சுடும். இனி வேலைக்கு ஆகமாட்டான்னு டாக்டர் எழுதிட்டா, சாமானை வெளிய வச்சுடுவாங்க. என் புருஷனும் பொண்ணும் எங்க போவாங்க? லீவுன்னு சொல்லிட்டு, இங்க அண்ணி வீட்டோட இருக்கற அண்ணன்கிட்ட வந்துட்டேன். நான் மட்டும் இல்ல. மேட்டுல சொந்தம் இருக்கற எல்லாரும் இப்படித்தான்."

"ஆரம்பத்துலேயே தெரிஞ்சவங்க?"

"அவங்க வைத்தியம் பாத்துட்டுத் திரும்ப வேலைக்கு வந்துடறாங்க. ஆனா சோதனைக்குப் போனா எந்தக் கட்டம்னு வருமோன்னு பயம். காவல்காரர் வேற பாக்கறார். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இப்படி ஆயிடுச்சு."

பெரியவளுக்கு ஒரு நொடி உள்ளே விளக்கேற்றியதுபோல இருந்தது. ஓரகத்தியின் பக்கம் திரும்பினாள். "அப்ப நிஜமான சிவப்பு உன்னுது."

"ஆமாக்கா" என்றாள் சின்னவள். "என்னுதுதான்."

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் பெரியவளின் வெற்றி கையில் வாங்கிய பனிக்கட்டி மாதிரி ஒழுகிப் போயிற்று.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பத்திரத்தை வாங்கினே. என்னை மாத்துவாங்கன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கலை."

"திறந்தா இவங்க வீடு போயிடும். திறக்கலேன்னா நீங்க போயிடுவீங்க. ரெண்டுல எதைச் சொல்லச் சொல்றீங்க? தினமும் சாயங்காலம் வந்து புண்ணுக்குக் கட்டுப் போடறேன், அவ்வளவுதான் என்னால முடிஞ்சது." சின்னவள் பையைக் கட்டிலில் வைத்தாள், கட்டுத்துணி எட்டிப் பார்த்தது. பிறகு குரல் மாறியது. "இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்களைக் கண்டா எனக்கும் வயிறு எரியும். நான் வளர்த்த ஜனங்க அக்கா இவங்க. இவங்க குழந்தைக்கு ஊசி போட்டது நான். இப்ப நான் கட்டைத் தொட்டா, 'பெரிய நர்ஸ் வருவாங்களா, அவங்க கை பட்டா வலி தெரியாது'ன்னு கேக்கறாங்க. அந்தப் பத்திரத்தைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அதான் காதுல கேக்கும்."

பெரியவள் நோயாளியைப் பார்த்தாள். நோயாளி வெட்கத்தோடு தலையாட்டினாள்.

பெரியவள் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தாள். "தள்ளு" என்றாள் ஓரகத்தியிடம். "இவ்வளவு இறுக்கிக் கட்டினா வலிக்காம என்ன பண்ணும்?" கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். சின்னவள் நகரவில்லை, கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

அதிகாரியிடம் நத்தை ஐயா தனியாகத்தான் போனார். இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து அந்த மரத்தின் கதையைச் சொன்னார்.

"சாய்ஞ்சு வந்தவங்க யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"உங்க வரைபடத்துல பேர் எழுத இடமில்லையே. நடுவுல இருக்கற கோட்டை மட்டும் அழிங்க. சொந்தபந்தம் ஏறி இறங்கற ரெண்டு தெருவை ரெண்டு பகுதியாப் பிரிச்சு ஒப்பிட்டா, நோயைக் கணக்கெடுக்கறதா ஆகாது, யாரு யாரு வீட்டுல படுக்கறாங்கன்னு கணக்கெடுக்கறதா ஆகும்."

அதிகாரி பென்சிலால் தானே கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டையும் சேர்த்து வகுத்தபோது சிவப்பும் போயிற்று, மஞ்சளும் போயிற்று. எல்லாப் பகுதிகளையும் போல ஆரஞ்சு வந்தது. மாற்றல் உத்தரவு மேஜையிலேயே நின்றது. ஒரே பகுதி, இரண்டு நர்ஸ், பரிசோதனை அறை ஒன்று, அது மேட்டில்.

மேட்டுக்கு ஏறி வந்தால் ஆலைக் கதவுக் காவல்காரருக்குத் தெரியாது என்ற செய்தி குவார்ட்டர்ஸில் வாயிலிருந்து வாய்க்குப் பரவியது. முதல் வாரம் வந்த பெண்கள் ஒவ்வொருவரும் நெற்றியை இடித்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் பெரியவள் நிலையில் பஞ்சு வைத்துக் கட்டுத்துணியால் சுற்றினாள். அது சின்னவள் பையிலிருந்து எடுத்தது.

"கேட்டா எடுத்தீங்க?" என்றாள் சின்னவள்.

"நீ எதைக் கேட்டு எடுத்தே? அதை விடு. வீட்டுல அந்தப் பத்திரம் இன்னும் ஏன் தொங்குது?"

"கழட்டிடறேன்னு அத்தைகிட்ட சொன்னேன். சுவத்துல ஆணி ஓட்டை தெரியும், வேணாங்கறாங்க."

"நல்லா இருக்கு நியாயம். செல்லாத பத்திரம், அதுக்கு ஒரு கண்ணாடி. இதோ பாரு, இனிமேல் அந்தக் கூடத்துல..."

கீழே சங்கு ஊதியது, கொசு பாடுவதுபோல. வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் பாதிச் சொல்லில் நின்றார்கள். சின்னவள் நின்றாள். தூக்கிய விரலைத் தூக்கியபடி பெரியவளும் நின்றாள். திண்ணென்று ஓர் அமைதி. அதில், கட்டிலில் முதல்முறையாகச் சோதனைக்குப் படுத்திருந்த ஒருத்தியின் மூச்சு மட்டும் கேட்டது. பெரியவளின் இன்னொரு கை அவள் தோளில் இருந்தது.

சங்கு ஓய்ந்தது.

"...தூசியை நீ தட்டு" என்றாள் பெரியவள்.