பின்னாடி ஒரு தபா பாத்துடு

முதல் நாள் கேக்கில் விரல் தடம் தெரிந்தபோது ஜொவிட்டா தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். அவசரத்தில் மூடியிருப்பாள், பெட்டி உரசியிருக்கும். மறுநாள் அடையாறில் ஒரு அம்மா பெட்டியைத் திறந்து, நான்கு சின்ன விரல்கள் க்ரீமை வழித்திருந்ததைக் காட்டி, "உங்காத்துக் கொழந்தை டேஸ்ட் பாத்துடுத்தா?" என்று கேட்டார். ஜொவிட்டா வீட்டில் குழந்தை இல்லை.

வேன் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. சாந்தோமில் கேக் செய்து, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து அலுத்துப்போய், இருந்த நகையை விற்று, வேன் வாங்கித் தரச் சொல்லிப் பணத்தை அண்ணன் ஆஸ்டினிடம் கொடுத்தாள். அந்நியன் என்றால் ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிடுவான், கூடப் பிறந்தவன் செய்வானா? "கண்ண மூடிக்கினு ஓட்டு, ஜொவி. நான் கீறேன்" என்றான். அவனே வெள்ளைப் பெயின்ட் அடித்தான், முன்சீட்டுக்குப் பின்னால் பலகையடித்து மறைத்தான், வண்டியை மந்திரிக்க ஃபாதரையும் கூட்டிவந்தான். அவர் பின்பக்கம் போனபோது மட்டும், "கதவு இறுக்கமா கீது ஃபாதர், வெளியவே தீர்த்தம் தெளிங்க" என்றான். அதற்குப் பிறகு தினமும் ஃபோனில் ஒரே பேச்சு.

"பூட்டறதுக்கு முன்னாடி, பின்னாடி ஒரு தபா பாத்துடு."

எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோயிருந்தாள்.

மூன்றாம் நாளிலிருந்து, வண்டி நகர்ந்தால் பலகைக்குப் பின்னால் ஏதோ சீராக உதைப்பதும், தேனாம்பேட்டை சிக்னலில் நின்றால் அதுவும் நிற்பதும், வெனிலா வாசனைக்கு நடுவே வியர்த்துப் புழுங்கிய சின்னத் தலையின் வாடை வருவதும் வழக்கமாகிவிட்டன. எலி என்று சொல்லிக்கொண்டாள். எலி ஷூ போட்டு உதைக்குமா?

சனிக்கிழமை மதியம், வீட்டு வாசலில், எலிப்பொந்தைத் தேடிப் பின்பக்கத் தரையில் ஒட்டியிருந்த ரப்பர் மேட்டைப் பிரித்தாள். கதவோரம் வெள்ளை உரிந்து, அடியில் மஞ்சள் தெரிந்தது. ஸ்கூல் வேன் மஞ்சள். தகட்டு இடுக்கில் ஒரு எல்.கே.ஜி. பையனின் அடையாள அட்டை. திருப்பினாள். வேன் டிரைவர்: ஆஸ்டின். கீழே இருந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

பாலவாக்கத்தில் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், முதுகுவலி என்று திடீரென விட்டது நினைவுக்கு வந்தது.

கூப்பிட்டதும் வந்தான். அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"கொழந்த கடசி சீட்டுல தூங்கிக்கினு இருந்துச்சு. பாக்காம பூட்டிட்டேன். சித்திர வெயிலு."

"அப்புறம் ஏன்ணா எங்கிட்ட குடுத்த?"

"வித்தாலும் எவனும் வண்டிய வெச்சிக்கல, ஜொவி. திரும்பத் திரும்ப என்கிட்டயே வந்துச்சு. என்னைத்தான் கூப்புடுது. உன் கைக்குப் போனா அடங்கிடும்னு..."

தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான். தன் பயத்தைத் தங்கச்சி முதுகில் ஏற்றிவிட்டு ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

"எடுத்த எடத்துலயே வெச்சிட்டு வா" என்று அட்டையை நீட்டினாள்.

தலைகுனிந்து உள்ளே ஏறினான். அவள் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். ஒரு நிமிஷம். அந்தச் சூடு அவனுக்கும் தெரியட்டும், அவ்வளவுதான்.

"ஜொவி, திற."

திருப்பினாள். சாவி நகரவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். உள்ளங்கை தோல் கிழிந்தது.

உள்ளே அவன் தட்டுவதை நிறுத்தினான். அப்போது, தூக்கக் கலக்கத்தில், ஒரு சின்னக் குரல்.

"டிரைவர் மாமா. வீடு வந்துச்சா?"

ஆஸ்டின் கத்தினான். கத்தல் பாதியில் நின்றது.

பின்கதவுக் கண்ணாடியில் அவனுடைய கை. விரித்த கை. பக்கத்தில், கொஞ்சம் கீழே, க்ரீம் பூசிய சின்னக் கை.

பெரிய கை வழுக்கிக்கொண்டே கீழே போனது.

சின்னக் கை அங்கேயே இருந்தது.