இடப்பக்கப் பெட்டி

இடப்பக்கத்துக் காலி இன்குபேட்டர் பெட்டியின் கண்ணாடியில், உட்பக்கமாக, ஒரு காசளவுக்கு ஆவி படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி, பிறகு விரிந்தது.

“சிஸ்டர், இதுல யாரும் இல்லையே?”

“அடுத்த குழந்தைக்கு சூடு பண்ணி வெச்சிருக்கோம்மா. உள்ள தண்ணி ஊத்தியிருக்கு, அதான் ஆவி.” நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். “துணி கொண்டாந்தீங்களா?”

குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வாசம் வேண்டுமென்று, அவள் மார்போடு வைத்துத் தூங்கிய துணியைத் தினமும் இன்குபேட்டருக்குள் வைப்பார்கள். பழக்க தோஷத்தில் இரண்டு எடுத்து நீட்டினாள்.

“ஒண்ணு போதும்மா” என்ற நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரட்டையரில் மகள் போன வாரம் இறந்துபோனாள். அந்தக் காலிப் பெட்டி அவளுடையது. நர்ஸ் அவளுக்கு வைத்த பெயர் உடும்பு. விரலைக் கொடுத்தால் விடவே மாட்டாள். மகனுக்குத் துரை என்று பெயர். ‘மூச்சு விடக்கூட துரைக்கு ஆள் வேணும்’ என்பாள். நிஜமாகவே அவன் மறந்துவிடுவான். அலாரம் அடிக்கும். உள்ளங்காலைச் சுண்டினால் நினைவு வந்து மூச்சிழுப்பான். அதைத் தாய்க்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கடைசி நாளன்று, பார்வை நேரம் முடிந்ததென்று, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் அவள் வெளியே போனாள். திரும்பி வந்தபோது அந்தக் கை விரிந்தே கிடந்தது.

பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்தது. “துரையைப் பாத்துக்கோங்கம்மா, இதோ வந்துடறேன்” என்று நர்ஸ் ஓடினாள்.

மழை மூட்டத்தில் மதியமே இருட்டிவிட்டிருந்தது. மருந்து நெடியும், ரவிக்கையில் காய்ந்த பாலின் புளித்த வாடையும், இயந்திரங்களின் ஓயாத முனகலும் அறை முழுக்க நிறைந்திருக்க, வெளிச்சம் படாமல் கனத்த துணி போர்த்திய இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி தெரிந்தன. ஆவி கண்ணில் படாதபடி இடப்பக்கத்துப் போர்வையை அவளே இழுத்துவிட்டாள். மகனின் பெட்டியை ஜன்னலோரம் தள்ளி வைத்திருந்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே போட்டிருந்த அவள் நாற்காலி மட்டும் பழைய இடத்திலேயே, இடப்பக்கப் பெட்டியை ஒட்டி இருந்தது. மீந்த துணியை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்தாள்.

அலாரம்.

கை தானாகப் போர்வைக்கு அடியில் நுழைந்து வட்டக் கதவைத் திறந்தது. துணி தட்டுப்பட்டது. அப்புறம் கால். ஜில்லென்று. சுண்டினாள். அசைவில்லை. இன்னொரு முறை.

“மூச்சு விடுடா, என் ராசா.”

கால் உதறியது. மணிக்கட்டில் மெல்லிய மூச்சு பட்டது. அப்பாடா!

அலாரம் நிற்கவில்லை.

ஜன்னலோரத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மடியைப் பார்த்தாள். துணியைக் காணோம். உள்ளே போயிருந்தது இடது கை. மகளுக்குக் கொடுக்கும் கை.

கையை உருவப் பார்த்தாள். சின்ன விரல்கள் அவள் சுண்டுவிரலைச் சுற்றி இறுகின.

உடும்புப் பிடி.

வலது கையை மகன் பக்கம் நீட்டினாள். எட்டவில்லை. கத்தினாள். யாரும் வரவில்லை.

பிரித்தால் போதும். ஒவ்வொரு விரலாக. முன்பு செய்ததுதான்.

“பாப்பா... விடும்மா. தம்பிக்கு மூச்சு இல்லம்மா.”

பிடி இன்னும் இறுகியது. பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஜன்னலோரத்தில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம், போர்வை விலகிய கண்ணாடியில், ஆவி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.