மூர்சைட் வீட்டின் கடைசி மணி

1963 நவம்பர் 16 அன்று, இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து மூர்சைட் வீட்டின் சுவர்களுக்குள் ஓடிய அழைப்புமணிக் கம்பிகள் எல்லாம் உருவி எடுக்கப்பட்டன.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், சமையலறையில் டீ போட்டுவிட்டு நிமிர்ந்த மேபெல் சக்டன், கதவுக்கு மேலே, கம்பி இல்லாமல் வரிசையாகத் தொங்கும் மணிகளில் கடைசி மணியின் சுருள்வில் மட்டும் நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சத்தம் எதுவும் கேட்டிருக்கவில்லை. மணி ஓய்ந்த பிறகும் வில் சற்று நேரம் ஆடும். எந்த அறையிலிருந்து கூப்பிட்டார்கள் என்று அந்தக் காலத்து வேலைக்காரிகள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். கடைசி மணி மேல்மாடி மேற்கு அறையுடையது.

சக்டன் ஆண்கள் செத்தது அந்த அறையில்தான். கம்பளி ஆலைப் பணத்தில் வீட்டைக் கட்டிய கொள்ளுத்தாத்தா ஜோசையா, படுக்கையில் விழுந்ததும் மணிக்கயிற்றைத் தலைமாட்டுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அதே கட்டிலில் தாத்தா. போன குளிர்காலம் வரை அப்பா. வேலைக்காரிகள் நின்றுபோன பின், கூப்பிட்டதற்கு ஓடியவர்கள் வீட்டுப் பெண்கள். முன்பக்கம் கம்பளம் விரித்த அகலமான ஓக் மரப் படிக்கட்டு இருந்தும், தட்டோடு போகிறவர்களுக்குப் பின்பக்கத்து இடுக்குப் படிதான். மேபெலின் இளமை அதில் ஏறி இறங்கியே கழிந்தது.

தம்பி லெனர்ட் மதியம்தான் போன் பண்ணியிருந்தான். வீட்டை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒன்று பார்க்கச் சொன்னான். "மணி அடிக்க ஆள் இல்லாம உனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதேக்கா" என்று சிரித்தான்.

"மணிக் கம்பியெல்லாம் உருவச் சொல்லிட்டேன். இப்பதான்டா இது என் வீடா ஆயிருக்கு. நான் நகர மாட்டேன்" என்றாள் அவள்.

வெளியே லாரி ஏதாவது போயிருக்கும், அந்த அதிர்வில் வில் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கையில் டீத்தட்டு இருப்பதும், பின்படியில் பாதி தூரம் ஏறிவிட்டதும் அப்புறம்தான் உறைத்தது. கால்கள் தாமாகவே கிளம்பியிருந்தன. நிலக்கரிப் புகையும் ஈரக் கம்பளியும் அப்பாவின் நெஞ்சில் தேய்த்த கற்பூரத் தைலமும், அவற்றுக்கு அடியில் பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றமும் மேலிருந்து மெல்ல இறங்கி வந்தன. மூடிய கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அந்தக் கட்டிலை அவளே பிரித்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தாள். கயிறு உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

ஏறு என்றது உடம்பு.

"வர மாட்டேன்பா" என்றாள் இருட்டைப் பார்த்து. "டீ வேணும்னா கீழ வந்து குடிங்க."

கயிறு நின்றது.

அவள் திரும்பி இறங்கினாள். ஓடவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். தனக்கு ஊற்றிக்கொண்டாள். உட்கார்ந்தாள்.

மேலே கதவு திறந்தது. பிறகு படி. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுபட்டு. அப்பா. பின்னால் ஒரு கைத்தடி. தாத்தா. அதற்கும் பின்னால் இன்னொன்று. கனமாக. ஈரமாக. அவள் கேட்டேயிராத நடை.

சமையலறைக் கதவின் பிடி திரும்பியது.

அவள் கோப்பையை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லெனர்ட் வந்தபோது வீடெங்கும் தைல வாடை அடித்தது. அக்கா மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று நாற்காலிகளும் மேசையை விட்டுச் சற்றே இழுபட்டிருந்தன. அவன் ஒன்றின் முதுகைப் பிடித்தான்.

"அதுல இல்லடா" என்றாள் மேபெல். "நின்னுக்கிட்டே பேசு."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த நாற்காலியின் மெத்தை முன்பக்கமாக இன்னும் கொஞ்சம் அமுங்கியது. டீக்கெண்டியை நோக்கிக் குனிகிறவருக்கு அமுங்குவது போல.

வீடு விற்கப்படவில்லை. மேபெல் தினமும் சாயங்காலம் அங்கேதான் உட்காருகிறாள். ஒரு கோப்பைதான் ஊற்றுகிறாள்.