மாமாவின் பங்கு

ஊற்றிய பாலைக் காணவில்லை. கோழித்துண்டுகளைப் பூண்டோடு வெண்ணெயில் வதக்கி, பாஸ்தாவைக் கொட்டி, அது மூழ்கும்வரை பாலும் கோழிச்சாறும் ஊற்றி மூடிவிட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைக்கப் போனவள், திரும்பிவந்து திறந்தால் பாத்திரம் வறண்டு கிடந்தது. பாஸ்தா மட்டும் வேகாமல் விறைத்துக்கொண்டிருந்தது. பாஸ்தா குடிக்கவில்லை என்றால் அவ்வளவு பாலையும் குடித்தது யார்?

தீ அதிகமாகியிருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு இன்னொரு பாக்கெட்டை வெட்டி ஊற்றினாள்.

ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையல் என்றால் அவளுக்கு உயிர்; கழுவுகிற வேலை மிச்சம். வேலையை மிச்சம் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் இப்போதெல்லாம் முகம் சுடுகிறது. மாமனார் பக்கவாதத்தில் வாய் கோணிப் பின்னறையில் கிடந்தபோது, ஒரு வாயை மென்று விழுங்க அவருக்கு ஒரு யுகம் பிடிக்கும். அவளுக்கோ ஆயிரம் வேலை. நாலு வாய் ஊட்டுவாள். பிறகு அவர் மார்புத்துண்டில் கொஞ்சம் சாப்பாட்டைத் தடவிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். கணவன் கேட்டால், மாமா வயிறு முட்டச் சாப்பிட்டார் என்று வாய் கூசாமல் சொல்வாள். கறைபட்ட துண்டே சாட்சி. அவள் தடவுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பேச்சு வராது. அடுத்த வாய்க்காகத் திறந்த வாய் திறந்தபடியே இருக்கும். கடைசியில் எலும்பும் தோலுமாகத்தான் போனார். நோய் உருக்கிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

வெளிநாட்டிலிருந்து சாவுக்குக்கூட வந்து சேர முடியாமல் போன நாத்தனார், இன்று காலை இறங்கியதும் விமான நிலையத்திலிருந்து பேசினாள்.

"அப்பா கடைசி வரைக்கும் உன் கையால வயிறார சாப்பிட்டாரும்மா. எனக்கு அந்த நிம்மதி ஒண்ணு போதும்."

சரிங்கக்கா என்று சொல்லி வைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஓய்வெடுக்கத் தோழி வீட்டுக்குப் போனவளை அழைத்துவரக் கணவன் கிளம்பி நேரமாயிற்று. இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள்.

பால் நுரைத்துக் கொதிக்கும் சத்தத்துக்கு அடியில், குளிர்சாதனப் பெட்டியின் முனகலுக்கும் அடியில், வறண்ட தொண்டை ஒன்று சிரமப்பட்டு எதையோ உள்ளே இறக்கும் ஓசை கேட்டது. அவள் கிளறுவதை நிறுத்தினாள். பாத்திரத்தில் பால் ஒரு விரற்கடை இறங்கியது. மறுபடி அந்த விழுங்கல். மறுபடி பால் இறங்கியது. வெண்ணெய் வாசனையை அமுக்கிக்கொண்டு, அவர் மார்பில் தேய்த்த தைலமும் துவைக்காத போர்வையும் கலந்த நெடி வந்தது.

கோழித்துண்டு ஒன்று மறைந்தது. பின்னறையில் மெல்லும் சத்தம். மெதுவாக. மிக மெதுவாக.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடியிருக்கலாம். ஆனால் ஓடினால் அக்காவிடம் என்ன சொல்வது? இந்த நேரத்திலும் பயத்தைவிட மானம்தான் பெரிதாக நின்றது. அதற்கும் வெட்கப்பட்டாள். அவர்கள் வருவதற்குள் ஊட்டி முடித்துவிட்டால் போய்விடுவார். யாருக்கும் தெரியாது. பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மெத்தையை எடுத்துவிட்ட வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு. சுத்தமான துண்டு. வாய் திறந்திருந்தது.

ஊட்டினாள். மென்றார். விழுங்கினார். திறந்தார்.

"மன்னிச்சிடுங்க மாமா."

ஊட்டினாள். திறந்தார். பாத்திரம் பாதியானது. அடியைச் சுரண்டினாள். வாசலில் கார் நின்றது.

வாய் திறந்தது.

பாத்திரத்தில் ஒன்றுமில்லை. வழித்த விரல்களை அப்படியே நீட்டினாள். உதடுகள் மூடிக்கொண்டன. குளிர்ச்சி. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

கதவு திறந்தது. "எங்கம்மா இருக்கே?" நாத்தனாரின் குரல் கூடத்தைத் தாண்டி வந்தது.

மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தபடியே, அவசரமில்லாமல், மெல்லத் தொடங்கினார்.