காற்றுத்துளையை ஒட்டுகிற வீடுகள்

அந்தக் கட்டடத்தில் யாரும் பொத்தானைப் பிடிக்கவில்லை.

செவரினுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பது வருஷமாகப் புகைபோக்கி துடைத்து, வீடுகளின் காற்றுத்துளைகளைச் சோதிக்கிறவர். கறுப்பு உடுப்பும் பித்தளைப் பொத்தானுமாகத் தெருவில் இறங்கினால், பித்தோம் நகரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்கூடத் தன் கோட்டுப் பொத்தானை ஒரு பிடி பிடித்துக்கொள்வார். புகைபோக்கிக்காரரைப் பார்த்ததும் அப்படிப் பிடித்தால் அதிர்ஷ்டம். இங்கே கீழ்த்தளம் தொடங்கி மூன்றாம் மாடிவரை ஏழு வீடு பார்த்தாகிவிட்டது. ஏழு வீட்டிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எப்போது தொலைவான் என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும். அவருக்கு இவர்கள் திருட்டுத்தனம் புதிதா என்ன? செவ்வாய்க்கிழமை சோதனை என்று வாசற்கதவில் நோட்டீஸ் ஒட்டினால், காலையில் குளியலறைக் காற்றுத்துளையின் டேப்பைப் பிய்த்து எடுப்பார்கள். அவர் படி இறங்கியதும் மறுபடி ஒட்டிவிடுவார்கள். குளிர் உள்ளே வருகிறதாம். பாய்லர் எரியும், காற்று வராது, வாசமில்லாத கார்பன் மோனாக்சைடு விஷவாயு சத்தமில்லாமல் நிரம்பும். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் இளம் ஜோடி கெஞ்சியது என்று டேப்பைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஒன்பதாம் நாள் இரண்டு பேரையும் போர்த்தித் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவரும் கூட இருந்தார். அன்றிலிருந்து டேப்பைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

இன்னொன்றும் உறுத்தியது. காற்றுத்துளையில் காகிதத் துண்டை வைத்தால் அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே ஏழு வீட்டிலும் காகிதம் ஒட்டியது, விழுந்தது, மறுபடி ஒட்டியது. காற்றடிக்கிறது என்று நினைத்தார். மாடிப்படி ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்க் கட்டடத்துப் புகை நூல் பிடித்த மாதிரி நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

நான்காம் மாடியில் ஒரே வீடு. மார்ஸெனா என்ற நாற்பது வயதுப் பெண் கதவைத் திறந்தாள். பின்னால் ஐந்து வயது மகள் ஓலா, வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாயும் கையுறையும் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அறை ஈரமாக, சில்லென்று இருந்தது. குளியலறைக்குள் நுழைந்ததும் செவரினுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. குளியல் தொட்டிக்கு மேலே, கூரையை ஒட்டியிருந்த காற்றுத்துளையின்மேல் பழுப்பு டேப், அதன்மேல் டேப், அதற்கும் மேல் டேப். பிய்ப்பதாகப் பாவனைகூடச் செய்திருக்கவில்லை.

"ஏம்மா, கீழ நோட்டீஸ் பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"மத்தவங்கல்லாம் ஒரு மணி நேரம் டேப்பை எடுத்து வெச்சாங்க இல்ல, அதுவே ஜாஸ்தி. நீங்க கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்புங்க மாஸ்டர்."

"விஷவாயு தெரியுமா உனக்கு? பச்சப்புள்ளைய வெச்சிருக்க. தூக்கத்துலயே போயிடுவீங்க ரெண்டு பேரும்."

"நாங்க பாய்லரைப் பத்த வெக்கிறதே இல்ல. குளியல் பச்சைத் தண்ணியிலதான். தூக்கத்துல போறதுன்னா..." அவள் மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அது பரவாயில்லயே."

இதென்ன பைத்தியக்காரப் பேச்சு என்று அவருக்கு எரிச்சல் மூண்டது. டிசம்பர் மாதம், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று, பெற்ற பிள்ளையைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறாளாம். கழுத்தில் தொங்கிய விஷவாயு மீட்டரை முடுக்கிவிட்டு, சோதனைக்கு எப்போதும் செய்கிறபடி பாய்லரைப் பற்றவைத்து, எதிர்ச்சுவரில் இருந்த கைகழுவும் தொட்டியின் சுடுதண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். சுடுதண்ணீர் ஓடுகிறவரை பாய்லர் முழுவீச்சில் எரியும். நீலச்சுடர் பொங்கி எழுந்தது.

"அணைங்க மாஸ்டர்." அவள் குரல் இறங்கிவிட்டது. "சூடு பட்டா முழிச்சுக்கும்."

"எது?"

அவள் குளியலறை வாசலுக்குப் பின்வாங்கினாள். செவரின் குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, கத்தியை நுழைத்து, டேப்பை மொத்தமாக உரித்து எறிந்தார்.

முதலில் வாடை வந்தது. கரி வாடை இல்லை, பறவைக்கூட்டு வாடையும் இல்லை. விடிகாலையில் பக்கத்தில் படுத்திருப்பவர் முகத்தைத் திருப்பும்போது அடிக்கிற, புளித்த, வெதுவெதுப்பான வாய்நாற்றம். காகிதத் துண்டை வைத்தார். ஒட்டியது. விழுந்தது. ஒட்டியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே எண்ணினார். நிமிஷத்துக்குப் பதினாறு. ஒன்றுகூடப் பிசகவில்லை. நீலச்சுடரும் அதே தாளத்தில் உள்ளே சாய்ந்தது, வெளியே சாய்ந்தது. எந்தக் காற்றும் இப்படி எண்ணிக்கை வைத்து அடிக்காது என்று முப்பது வருஷத் தொழில் அவருக்குச் சொல்லியது.

"இது... எத்தனை நாளா இப்படி?" என்றார். சொந்தக் குரலே அவருக்குச் சிறுத்துக் கேட்டது.

"நாங்க குடிவந்தப்பவே இருந்துச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே குழாய்தானே. எந்த வீட்டுல தொறந்திருக்கோ அங்க வரும்."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. துளை வழியாக, ஆழத்திலிருந்து. க்ர்ர்ரக். சுருளிலிருந்து டேப்பை இழுக்கிற சத்தம். கீழ்த்தளம். பிறகு இன்னொன்று, சற்று மேலே. க்ர்ர்ரக், க்ர்ர்ரக். முதல் மாடி. இரண்டாம் மாடியில் அவசரமாக, பல கைகள் சேர்ந்து. மூன்றாம் மாடி, அவர் காலுக்குக் கீழே. ஏழு வீடும் ஒட்டி முடித்தன. பிறகு கட்டடம் முழுவதும் ஒரு சத்தமுமில்லை, சுடுதண்ணீர் ஓடுவதைத் தவிர.

காகிதம் இப்போது வேகமாகத் துடித்தது. நிமிஷத்துக்கு முப்பது. நாற்பது. தூங்கிக்கொண்டிருந்தது எழுந்து நடக்கத் தொடங்கியதுபோல. பிறகு ஒரே இழுப்பில் விரலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டு துளைக்குள் போயிற்று.

துளைக்குள் அந்த மூச்சு நின்றது.

நின்றது என்பதுதான் பயங்கரமாக இருந்தது. கேட்கிறது. இங்கே யார் இருக்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்கிறது.

துளையை மூடிய, கீற்றுக் கீற்றாக இடுக்கு விட்ட தகரச் சட்டத்தின் திருகாணி ஒன்று தானாகச் சுழன்று, தொட்டிக்குள் விழுந்து 'டிங்' என்றது. சட்டம் வெளிப்பக்கம் பிதுங்கியது. செவரின் யோசிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து அதன்மேல் அறைந்து அழுத்தினார். உள்ளிருந்து திருப்பி அழுத்தியது. கனமான, நிதானமான அழுத்தம்.

"டேப்! டேப்பை எடு! சீக்கிரம்!"

அவள் எடுத்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. கதவின் அடியில் காற்றுக்காக விட்டிருந்த வரிசைத் துளைகளில் துணியைத் திணிக்கிற ஓசை. பிறகு க்ர்ர்ரக். கதவின் நான்கு பக்கமும். க்ர்ர்ரக்.

"ஏய்! என்னம்மா பண்ற? தொற! தொறடி கதவை!"

"கையை எடுத்துடாதீங்க மாஸ்டர்." அவள் அழுதுகொண்டே சொன்னாள். "கும்பிட்டுக் கேக்கறேன், எடுத்துடாதீங்க. ஓலா இன்னும் பூட்ஸு போடல."

கழுத்து மீட்டர் கீச்சென்றது. குனிந்து பார்த்தார். நாற்பது. காற்றுத்துளை மூடிவிட்டது. கதவு மூடிவிட்டது. சுடுதண்ணீர் ஓடுகிறது. பாய்லரின் நீலச்சுடர் நுனியில் மஞ்சள் காட்டத் தொடங்கியிருந்தது.

சுடுதண்ணீர்க் குழாயை மூட வேண்டும். எதிர்ச்சுவரில் இருக்கிறது, காலை நீட்டினாலும் எட்டாது. ஒரு கையை எடுத்துத் தாவினால் எட்டும். ஒரே ஒரு கை. இரண்டே விநாடி.

இரண்டாவது திருகாணி விழுந்தது. இனிச் சட்டத்தை அவர் கைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூறு. பையில் எதையோ திணிக்கிற சத்தம். ஓலா ஏதோ கேட்டாள். "ஒண்ணுமில்லடா கண்ணு, மாமா பார்த்துக்குவாரு" என்றாள் மார்ஸெனா. வாசற்கதவு. படியில் காலடிகள், ஒரு பெரியது, ஒரு சின்னது. இறங்கி, இறங்கி, இல்லாமல் போயின. வழியில் எந்தக் கதவும் திறக்கவில்லை.

"யாராவது வாங்கய்யா!" என்று அலறினார். ஏழு வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு நாற்காலி நகர்கிற சத்தம்கூட வரவில்லை.

இருநூற்றிருபது. நெற்றிப்பொட்டில் வலி. சுடர் முழு மஞ்சள். இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு காலில் பலம் போகும். கால் மடங்கினால் கை விடும். கை விட்டால்.

முந்நூற்றைம்பது.

உள்ளிருந்த அழுத்தம் திடீரென்று நின்றது. போய்விட்டதா? அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு தகரத்தின் மெல்லிய இடுக்குகள் வழியே ஒவ்வொன்றாக வந்தன. வெதுவெதுப்பாக. ஈரமாக. மிக மெல்லிய, எலும்பில்லாத விரல்கள். அவருடைய விரலிடுக்குகளைத் தேடித் தேடி நுழைந்து, புறங்கைமேல் மடங்கி, அழுத்தாமல், காயப்படுத்தாமல் கோத்துக்கொண்டன. எண்ணூறு என்றது மீட்டர். கையை எடுத்துவிடத்தான் இப்போது அவர் முழுப்பலத்தோடும் இழுத்துக்கொண்டிருந்தார்.